மெசினுக்கேற்ற தலை: பணம் கட்ட முன் பார்க்க வேண்டியவை

(வல்வெட்டித்துறையில் தங்கியிருந்து வளவு துப்புரவு வேலை செய்யும் எமது தோட்டத்து இளைஞர்களைப் பார்க்கப் போன நலன்புரி உத்தியோகத்தர், அவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம். பிள்ளைகளை வடக்கிற்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால் முழுமையாகத் தருகிறோம்.)



அட்டனில் ராத்திரி பஸ் ஏறி, விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து இங்கே வந்து சேர்ந்தேன். உங்க அம்மாமார் குடுத்தனுப்பின பொதிகளை எல்லாம் பெயர் பார்த்துக் குடுத்துவிட்டேன். யாருடைய முறுக்காவது நொறுங்கிப் போயிருந்தால் அது பஸ்ஸின் வேலை, என் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

நான் வந்தது பொதி குடுக்க மட்டும் இல்லை. போன மாதம் உங்களில் நாலு பேருடைய வீட்டுக்காரங்க ஒண்ணாக என் ஆபீசுக்கு வந்தாங்க. "ஐயா, பையன்க ஆறரை இலட்சம் சேர்த்து அனுப்பச் சொல்றானுங்க. பெக்கோவில மாட்டுற புதர் வெட்டுற தலை ஒண்ணு வாங்கப் போறாங்களாம். குடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டாங்க. ஒரு வீட்டில் அது அப்பாவின் ஈ.பீ.எவ். காசு. முப்பது வருசத்துக்கு மேல் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு கடைசியில் கிடைத்த காசு. இன்னொரு வீட்டில் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகத் தயாராக இருக்கிறது. மற்ற இரண்டு வீட்டிலும் சீட்டுக் காசு. நான் உடனே பதில் சொல்லவில்லை. பையன்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க தூக்கத்தைக் கெடுக்கிறேன்.

வீட்டில் இதை வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பெக்கோ என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அதில் டயர் உள்ளதும் உண்டு, செயின் பூட்டினதும் உண்டு. இங்கே பையன்கள் ஓட்டுவது செயின் பூட்டின சின்ன எக்ஸ்கவேட்டர். அதன் கையின் நுனியில் மண் அள்ளும் பக்கெட் இருக்கும். அந்தப் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் புதர் வெட்டும் கருவியை மாட்டலாம். அதைத்தான் பையன்கள் "தலை" என்கிறார்கள். உள்ளே ஒரு எண்ணெய் மோட்டர் இருக்கும். மெசினின் பம்பில் இருந்து ஹோஸ் வழியாக வரும் எண்ணெய் அழுத்தத்தில் அது சுற்றும். அதோடு சேர்ந்து வெட்டும் தட்டோ உருளையோ சுற்றும்.

இந்த வேலைக்கு இங்கே கிராக்கி இருப்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. இந்த ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை நடந்து பார்த்தேன். வளவுக்காரர் கனடாவில், லண்டனில். வீடு பூட்டு, வளவு காடு. உண்ணிச்செடியும் கினிப்புல்லும் மதிலுக்கு மேலே நிற்கிறது. அந்தப் பக்கம் வலிகாமம் வடக்கில் 1990இல் இருந்து மக்கள் போக முடியாமல் பூட்டிக்கிடந்த காணிகள் 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடப்பட்டது. சொந்த வீட்டின் அத்திவாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே அந்த ஜனங்கள் முதலில் காடு வெட்ட வேண்டியிருந்தது. ஆகவே வேலை இருக்கிறது. என் கேள்வி வேற. நீங்க வாங்கப் பார்க்கிற தலை, நீங்க ஓட்டுகிற மெசினுக்கு உரியதா?

இந்தக் கேள்வியை நான் ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், ஒரு தடவை கேட்காமல் விட்டிருக்கிறேன். மூணு வருசத்துக்கு முன்னால் வேற டிவிசன் பையன்கள் மூணு பேர் கிளிநொச்சிப் பக்கம் இதே மாதிரி வேலைக்குப் போனாங்க. கடன் எடுத்து ஒரு பாவித்த தலை வாங்கினாங்க. கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். விற்றவர் சொன்னது ஒரே வார்த்தை: "எந்த மெசினுக்கும் மாட்டலாம்." நானும் தலையாட்டினேன். மாட்ட முடிந்தது, அது உண்மை. வெல்டிங் பட்டறையில் குடுத்து, பின் ஓட்டையை மாற்றி, மாட்டிவிட்டார்கள்.

முதல் நாள் தட்டு மந்தமாகச் சுற்றியது. புல் வெட்டியது, தடி வந்தால் நின்றது. இரண்டாம் நாள் எண்ணெய் கொதித்து மோட்டர் சீல் போய்விட்டது. அதைச் சரிபண்ணி, யாரோ சொன்னதைக் கேட்டு அழுத்த வால்வைக் கூட்டிவிட்டாங்க. அடுத்த கிழமை ஒரு வாய்க்கால் கரையில் கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டிய நேரம் மெசின் சாய்ந்தது. ஓட்டிய பையன் குதித்தான். கால் செயினுக்கு அடியில் போய்விட்டது. உயிர் தப்பினான். ஆனால் இப்போது மலையேறி வேலை செய்ய முடியாது, ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கிறான். கடனை அவன் தங்கச்சி கொழுந்தெடுத்துக் கட்டி முடித்தாள். பிறகுதான் அந்தத் தலையின் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். 13 தொன் மெசினுக்குச் செய்த தலை அது. அவர்கள் மாட்டியது 5 தொன் மெசினில்.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றிக் கேட்டுப் படித்தேன். நான் மெக்கானிக் இல்லை. தெரிந்த இரண்டு மெக்கானிக்மாரிடம் போய் உட்கார்ந்து, கொப்பியில் எழுதி வைத்ததைத்தான் சொல்கிறேன்.

தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெசின் உங்க எல்லாருக்கும் தெரியும். 2015இல் கிளைபோசேட் மருந்தைத் தடை செய்த பிறகு, மலையில் புல்லை அடக்க முடியாமல் தோட்டங்கள் அந்த மெசினைக் கொண்டுவந்தன. அதில் நைலோன் கயிறு போட்டால் இளம் புல் வெட்டும். மானாத் தூர் வந்தால் கயிறு அறுந்து போகும், இரும்புத் தகடு போட வேண்டும். சின்ன எஞ்சினில் பெரிய பல்லுத் தகட்டைப் போட்டால் என்ன ஆகும்? இழுக்காது. கிளச் எரியும். கை உதறும். பெக்கோவிலும் விசயம் அதேதான். வித்தியாசம் என்னவென்றால், தோள் மெசின் இரண்டு குதிரைவலு, இது முப்பது, எழுபது குதிரைவலு.

முதலில் எடை. பெக்கோவை எடையை வைத்துத்தான் வகுப்புப் பிரிக்கிறார்கள். 3 தொன், 5, 6 தொன், 8 தொன், 13 தொன், 20 தொன் என்று போகும். தலையையும் அந்த வகுப்புக்கு அளவாகத்தான் செய்கிறார்கள். 3 முதல் 5 தொன் மெசினுக்குச் செய்த சுற்றும் தலை ஏறத்தாழ 200, 300 கிலோ இருக்கும். 13 தொன்னுக்கும் அதற்கு மேலும் செய்தது 600 கிலோவில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். "5 தொன் மெசின் 700 கிலோவைத் தூக்காதா?" என்று நீங்க கேட்பீங்க. தூக்கும், கிட்ட வைத்துத் தூக்கும். கொழுந்துச் சாக்கை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதும் கையை நீட்டித் தூக்குவதும் ஒண்ணா? புதர் வெட்டும் வேலை முழுக்கக் கையை நீட்டிச் செய்கிற வேலை. பக்கெட் என்றால் மண்ணைக் கொட்டியதும் பாரம் குறையும். தலையின் பாரம் நாள் முழுக்க நுனியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

மெசினோடு வரும் புத்தகத்தில், சில மெசினில் கேபினுக்குள்ளேயே, தூக்கும் அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கும். எவ்வளவு தூரத்தில் எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். முன்பக்கம் ஒரு கணக்கு, பக்கவாட்டில் ஒரு கணக்கு. செயின் நீளமாக இருக்கும் திசையில் மெசின் உறுதியாக நிற்கும். குறுக்கே திரும்பினால் நிற்கிற அகலம் குறைவு, தூக்குகிற எடையும் குறையும். நீங்க பார்க்க வேண்டியது பக்கவாட்டுக் கணக்கை, அதுவும் கை முழுக்க நீட்டிய இடத்தில் உள்ளதை. அந்த எண்ணில் இருந்து கொக்கி மாட்டியின் எடையைக் கழியுங்க. மிச்சத்துக்குள் தலை அடங்க வேண்டும். அட்டவணையில் போடுகிற எடை, மெசின் கவிழும் எடையில் 75 வீதம், அல்லது ஹைட்ரோலிக் தூக்கும் சக்தியில் 87 வீதம், இரண்டில் எது குறைவோ அது. "அப்ப இன்னும் 25 வீதம் கையில இருக்கே" என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கு இறுகின சமதரைக்கு. வாய்க்கால் கரைக்கும் நம்ம மலைச் சரிவுக்கும் அந்த 25 வீதம் எங்கே போனதென்று தெரியாது. கிளிநொச்சி மெசினின் அட்டவணையில் அந்த இடத்தில் 600 கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. தலை 720 கிலோ. இதைக் கழித்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புப் படிப்புப் போதும். மூணு பையன்களும் ஓ.எல். படித்தவங்க, நானும் படித்தவன். யாரும் கழித்துப் பார்க்கவில்லை.

நேற்று மாலை தேத்தண்ணிக் கடையில் இந்த ஊர் முதியவர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சின்னக் கலத்துக்குப் பெரிய பாய் ஏத்தினா, காத்து வரேக்க என்ன நடக்கும் தம்பி?" என்று கேட்டார். இது கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஆட்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

அடுத்தது எண்ணெய். ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. தலையின் தகட்டில் இரண்டு எண் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் எண்ணெய் வேண்டும், எத்தனை பார் அழுத்தம் வேண்டும். மெசின் புத்தகத்திலும், மேலதிக கருவிக்குப் போகிற லைனில் எத்தனை லீட்டர், எத்தனை பார் வரும் என்று இருக்கும். பம்பின் முழு அளவைப் பார்க்காதீங்க, அந்த லைனின் அளவைப் பாருங்க. லீட்டரைப் பாரால் பெருக்கி 600ஆல் பிரித்தால் கிலோவாட் வரும். அதை 1.34ஆல் பெருக்கினால் குதிரைவலு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தரைத் தொன் மெசின் ஒன்று 70 லீட்டர், 200 பார் குடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. 70 தர 200, பதினாலாயிரம். 600ஆல் பிரித்தால் 23 கிலோவாட், அதாவது 31 குதிரைவலு. 13 தொன்னுக்கான தலை 130 லீட்டர், 250 பார் கேட்கிறது என்றால்? 54 கிலோவாட், 72 குதிரைவலு. ஐந்தரைத் தொன் மெசினின் எஞ்சினே மொத்தம் 45 குதிரைவலு அளவில்தான் இருக்கும். அதை வைத்து 72ஐ எப்படிக் குடுக்கிறது? இதில் வால்வை முறுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. எஞ்சின் திணறும், எண்ணெய் கொதிக்கும். கடைசியில் பம்பும் போகும். அது வாங்கிய தலை இல்லை, மெசின்காரருடைய பம்ப். அந்தச் செலவையும் உங்க தலையில்தான் கட்டுவார்.

"அப்ப பெரிய மெசினில சின்னத் தலையை மாட்டினா நல்லதுதானே?" என்று இந்தத் தம்பி காலையில் கேட்டார். நல்ல கேள்வி. அதுவும் கூடாது. 70 லீட்டருக்குச் செய்த மோட்டருக்குள் 130 லீட்டரை விட்டால் தட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த வேகத்துக்கு அந்தத் தகட்டையும் ஆணியையும் செய்யவில்லை. ஆணி விட்டால் தகடு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. லைனில் அளவைக் குறைக்கிற வால்வு இருந்தால், அதைத் தெரிந்தவர் மீற்றர் வைத்து அளந்து கட்டுப்படுத்தினால் வேற கதை. அப்போதும், பெரிய மெசினின் கைப்பலத்துக்குச் சின்னத் தலையின் உடம்பு தாங்காது. ஒரு அடிக்கட்டையில் அழுத்தினால் வளைந்துவிடும்.

ஹோஸையும் எண்ணிப் பாருங்க. எண்ணெய் போக ஒன்று, வர ஒன்று. பெரும்பாலான மோட்டருக்கு மூன்றாவதாக ஒரு சின்ன ஹோஸும் உண்டு. மோட்டருக்குள் கசிகிற எண்ணெயை அழுத்தம் இல்லாமல் நேரே தொட்டிக்குக் கொண்டுபோக அது வேண்டும். மெசினில் அதற்கு வாய் இல்லையென்று சிலர் அந்த ஹோஸை அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் சீல் வெடிக்கும். கிளிநொச்சியில் முதலில் போன சீல் அப்படித்தான் போனது என்று பிறகு மெக்கானிக் சொன்னார். பின்னுக்கு மூணு அளவு எடுங்க: பின்னின் தடிப்பு, கையின் நுனியின் அகலம், இரண்டு பின்னுக்கும் நடுவே உள்ள தூரம். மூணும் பொருந்தினால் பட்டறைக்குப் போகத் தேவையில்லை. பட்டறையில் ஓட்டை மாற்றி மாட்டச் சொன்னால், அந்தத் தலை அந்த மெசினுக்குச் செய்யப்பட்டதில்லை என்று அங்கேயே விளங்கிக்கொள்ளலாம்.

தலையில் இரண்டு வகை இருக்கிறது. விசிறி மாதிரித் தட்டுச் சுற்றுவது ஒன்று, உருளையில் சுத்தியல்கள் ஊசலாடுவது ஒன்று. தட்டு வேகமாக வேலை செய்யும், தடியையும் வெட்டும், ஆனால் கல்லை வெகுதூரம் எறியும். உருளைச் சுத்தியல் கல்லில் பட்டால் பின்னுக்குச் சாய்ந்து குடுக்கும், பொருளை அவ்வளவு தூரம் எறியாது, ஆனால் தடித்த மரத்தில் திணறும். இந்த ஊர் மண்ணைப் பாருங்க. ஒரு சாண் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். மேலேயும் கல் சிதறிக் கிடக்கிறது, இடிந்த மதில் கிடக்கிறது, வேலிக் கம்பி கிடக்கிறது. இங்கே வளவு துப்புரவுக்கு என்றால் நான் உருளைச் சுத்தியலைத்தான் எடுப்பேன். உங்களுக்கு வந்திருப்பது தட்டு வகை என்று சொன்னீங்க. அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

தட்டின் வேகத்தையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்க. 1 மீற்றர் விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 1,100 தரம் சுற்றினால் அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் போகும். அதில் ஒரு கல் பட்டால் அது கல் இல்லை, குண்டு. இந்த மாதிரித் தலை செய்கிற கம்பனிகள் சுற்றிவர 300 அடிக்குள் ஆள் நிற்கக்கூடாது என்று எழுதுகிறார்கள். இந்த ஒழுங்கையில் 300 அடி என்றால் நாலு வீடு. அந்த நாலு வீட்டுக்கும் முதலில் போய்ச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை உள்ளே எடுக்கச் சொல்ல வேண்டும். கை உதவிக்கு நிற்கிற தம்பி "நான் கொஞ்சம் தள்ளி நிக்கிறேன்" என்று இருபது அடியில் நிற்கிறாரே, நேற்று பார்த்தேன், அது தள்ளி நிற்பது இல்லை. கேபின் முன் கண்ணாடிக்கு உடையாத பிளாஸ்டிக் தகடும் கம்பி வலையும் இல்லாமல் இந்தத் தலையை மாட்டவே கூடாது. அந்தச் செலவையும் ஆறரை இலட்சத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கிணறு. மலைநாட்டில் இருந்து வருகிற நமக்கு இது புதுசு. அங்கே பீலித் தண்ணீர், இங்கே வளவுக்கு வளவு கிணறு. பழைய கிணற்றின் கட்டு இடிந்து, மேலே கொடி படர்ந்திருக்கும். பாரமான மெசின் விளிம்புக்கு வந்தால் விளிம்பு உடைந்து விழும். மெசின் உள்ளே போகு முன் கத்தியோடு நடந்து போய்க் கிணற்றைக் கண்டுபிடித்து, சுற்றிவரத் தடி நட்டு, துணி கட்டுங்க. பக்கத்து வீட்டு வயசானவர்களைக் கேட்டால் எங்கே கிணறு, எங்கே மலகூடக் குழி என்று சொல்வார்கள். பனையும் வடலியும் நின்றால் தொடாதீங்க. பனை தறிக்க அனுமதி வேண்டும். வளவுக்காரர் லண்டனில் இருந்து போனில் சொன்னார் என்பது பொலிசில் பதில் ஆகாது.

யுத்தம் நடந்த மண் இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹலோ ட்ரஸ்ட் 2002இல் இருந்து இந்தப் பக்கம் வெடிபொருள் அகற்றுகிறார்கள். முகமாலையில் கவசம் போட்ட பெக்கோவையும் பாவித்திருக்கிறார்கள். அவர்களுடைய மெசினுக்குக் கவசம், ஆட்களுக்குப் பயிற்சி, பக்கத்தில் அம்புலன்ஸ். உங்களுக்கு முன்னால் இருப்பது ஒரு கண்ணாடி. துப்புரவு செய்து ஒப்படைக்காத காணிக்கு யார் எவ்வளவு தந்தாலும் போகாதீங்க. வெட்டும்போது சந்தேகமான இரும்பு ஏதாவது கண்ணில் பட்டால் தலையை நிறுத்துங்க, வந்த தடத்திலேயே திரும்பி வாங்க, 119க்கு அடிங்க. தூக்கிப் பார்க்க வேண்டாம்.

மெசின் சாய்கிறது என்றால் குதிக்காதீங்க. பெல்ட் போட்டு, கேபினைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருங்க. கேபின் தாங்கத்தான் கட்டியிருக்கிறார்கள். குதிக்கிறவன் மேலேதான் மெசின் விழும். அந்தப் பையனின் காலைப் பார்த்தவன் சொல்கிறேன்.

இனி காசு விசயம். மெசின்காரர் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்? "தலையை நீங்க வாங்குங்க, மெசினை நான் தாறன், வருமானத்தைப் பாதி பாதியாகப் பிரிப்போம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்போது நீங்க நாட்கூலி. நாட்கூலியாக இருக்கும் வரை உங்க சம்பளத்தில் 8 வீதமும் அவருடைய பங்கு 12 வீதமும் ஈ.பீ.எவ்.க்குப் போக வேண்டும், ஈ.ரீ.எவ்.க்கு இன்னும் 3 வீதம். அவர் கட்டுகிறாரா இல்லையா என்று உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. கூட்டாளி ஆகிவிட்டால்? நாளைக்கு ஒரு கால் போனால், "இவன் என் தொழிலாளி இல்லை, பங்காளி" என்று அவர் சொன்னால், எதிர்த்து வாதாடுவது கஷ்டம். இன்னொன்று. அந்தத் தலை அந்த மெசினுக்கு மட்டும்தான் பொருந்தும். அடுத்த வருசம் அவர் மெசினை விற்றுவிட்டால் அம்மாவின் சங்கிலி வளவு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும்.

ஆகவே என் யோசனை இது. தலையை அவரே வாங்கட்டும், நீங்க கூலியைக் கூட்டிக் கேளுங்க. இல்லை, வாங்கத்தான் வேண்டும் என்றால், எத்தனை வருசத்துக்கு மெசின் தருவார், மெசினை விற்றால் தலைக்கு என்ன செய்வார், அடிபட்டால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும். சட்டத்தரணி ஒருவர் பார்க்க வேண்டும். அந்தச் செலவை நம்ம நிதியத்தில் கேட்டுப் பார்க்கிறேன், வாக்குக் குடுக்கவில்லை.

இந்தக் காசை வைத்து இன்னொன்றும் செய்யலாம். உங்களில் மெசின் ஓட்டுகிற இரண்டு பேரில் ஒருவரிடம்தான் ஜே வகுப்பு லைசன்ஸ் இருக்கிறது. மற்றவர் இல்லாமல் ஓட்டுகிறார். நேற்று அவர் முகத்தைக் கவனித்தேன், நான் கேட்டதும் வேலியைப் பார்த்தார். அநுராதபுரம் மாவட்டத்தில் கல்குளமவில் கட்டுமான இயந்திரப் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே எக்ஸ்கவேட்டர் ஓட்டப் படித்துச் சான்றிதழ் எடுத்தால் எந்த மெசின்காரரிடமும் நிமிர்ந்து நின்று சம்பளம் கேட்கலாம். தலை துருப்பிடிக்கும், சான்றிதழ் துருப்பிடிக்காது. உங்களுக்கு இது ஆர்வமாக இல்லை என்று தெரிகிறது, இருந்தாலும் விண்ணப்பத்தைக் கேட்டு எடுத்து அனுப்புகிறேன்.

ஒருவர், "தலையைப் பிறகு தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் காடாய்ப் போன மலையைத் துப்புரவு பண்ணலாமே" என்றார். துரையோடு பேசலாம்தான். ஆனால் நம்ம மலையின் சரிவை நினைத்துப் பாருங்க. கல்லுக்கான் குறுக்கே ஓடுகிறது, மழை பெய்தால் செயின் வழுக்கும். மேலே வெட்டினால் கீழே லயம். 300 அடிக் கணக்கை அங்கே போட்டால் பிள்ளைக் காம்பராவும் அதற்குள் வந்துவிடும். ரோட்டோரத்து மட்டமான இடத்துக்குச் சரிவரலாம். மலைக்குத் தோள் மெசின்தான்.

சரி, நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி முடிக்கிறேன். நாளைக் காலை யாழ்ப்பாணத்தில் அந்தத் தலையை வைத்திருப்பவரிடம் போகிறோம். நாலு பேரும் வர வேண்டாம், இரண்டு பேர் போதும், மற்றவங்க நாட்கூலியை விட வேண்டாம். மெசின்காரரிடம் மெசின் புத்தகத்தை இன்று ராத்திரியே வாங்கி வையுங்க. புத்தகம் இல்லை என்றால் மெசினில் உள்ள தகட்டைப் போனில் படம் எடுங்க, மொடல் இலக்கமும் சீரியல் இலக்கமும் தெளிவாக விழ வேண்டும். அதை வைத்து முகவரிடம் கேட்கலாம். அளக்க டேப் வேண்டும். தலையின் தகட்டில் கிரீசும் துருவும் ஏறியிருக்கும், கம்பி பிரஷும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்க. எடை, லீட்டர், பார், பின் அளவு எல்லாவற்றையும் என் கொப்பியில் ஒரு பக்கத்தில் தலைக்கும் ஒரு பக்கத்தில் மெசினுக்கும் எழுதுவோம். தகடு இல்லை, கழன்றுவிட்டது என்று அவர் சொன்னால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். முற்பணம் ஒரு சதமும் குடுப்பதில்லை. காசு இன்னும் வீட்டுக்காரங்க பேரில் பேங்கில்தான் இருக்கிறது, நான் போன் பண்ணிச் சொல்லும் வரை எடுக்க மாட்டாங்க.

முதல் பஸ்ஸில் போனால்தான் வெயிலுக்கு முன் வேலை முடியும். ஆறு மணிக்குச் சந்தியில் நில்லுங்க.